வளைகிற மாடி

அந்த அம்மணியோடு ஓட்டலுக்குச் சாப்பிடப் போவதில் ஒரு சங்கடம் உண்டு. ஏசி அறையில் உட்கார்ந்ததும் எல்லோரும் மெனு அட்டையைப் பார்த்தால் அவர் கூரையைப் பார்ப்பார். காற்று எந்தத் திறப்பில் வருகிறது, எந்த மேசைமேல் விழுகிறது என்று கவனித்துவிட்டு சப்ளையரைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொல்வார்.

"ஏனுங்க தம்பி, ரெண்டே ரெண்டு டிகிரி ஏத்தி வெய்யுங்க. யாராச்சும் கேட்டா உடனே எறக்கிப்போடலாம்."

அதற்குப் பிறகு ரோஸ்ட் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் சுற்றியிருக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் முதலில் நிமிர்ந்து பார்க்கப்போகிறார்கள், யார் சட்டைக் காலரைத் தளர்த்தப்போகிறார்கள் என்று என்னிடம் பந்தயம் கட்டுவார். பெரும்பாலும் யாரும் எதையும் கவனிப்பதில்லை. அப்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும்.

"பாத்தீங்களாங்ணா? ஒருத்தருக்கும் தெரியல."

அவர் இந்த ஊரைவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பீளமேட்டில் எங்கள் அடுக்ககத்தில் எனக்கு நேர் மேல்வீட்டில் குடியிருந்தார். கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்தார். நான் அப்போது ஒரு நாளிதழில் தொழில், வணிகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவர், "கட்டடத்துக்கு ஜாதகம் எழுதறனுங்க" என்பார். கேட்டவர்கள் வாஸ்து என்று நினைத்துக்கொண்டு தங்கள் வீட்டுச் சமையலறையின் திசையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

உண்மையில் அவர் கம்ப்யூட்டருக்குள் கட்டடம் கட்டினார். மேற்கு பார்த்த சுவர், கண்ணாடி, விளக்கு, லிஃப்ட், உள்ளே நடமாடும் ஆட்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, சித்திரை மாதத்து ஒரு பகலில் அந்தக் கட்டடம் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்வார். அது பாதி வேலை. மீதிப் பாதிதான் அவருக்குப் பிடித்தது. ஊரே விளக்குப் போடுகிற மாலை நேரத்தில் மின்சாரத்துக்கு நெருக்கடி. பெரிய கட்டடங்களுக்கு அந்த நேரத்து யூனிட் விலையும் கூடுதல். அந்த நேரத்தில் ஒரு கட்டடம் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க முடியும், எதையெல்லாம் மத்தியானத்துக்கு நகர்த்த முடியும், அதுவும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமல், என்று அவர் கணக்குப் போட்டார்.

அவருடைய உலகத்தில் இரண்டே வகைதான் இருந்தன: வளைகிறது, வளையாதது. ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறை வளையாது. தண்ணீர் மோட்டார் வளையும். ஏசி கொஞ்சம் வளையும். மத்தியானம் மாடியில் சோலார் ஓடும்போதே கட்டடத்தை நன்றாகக் குளிரவைத்துவிட்டால் சுவரும் தரையும் அந்தக் குளிர்ச்சியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; சாயங்காலம் மெஷினைத் தணிக்கலாம். ஒருநாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எங்களையும் பிரித்தார். நான் வளைகிறவன், என் மனைவி வளையாதவள்.

"அதக் கண்டுபுடிக்கக் கம்ப்யூட்டர் வேணுங்களாக்கும்?" என்றாள் என் மனைவி.

இந்த வெறி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். கொடுமுடிப் பக்கம் அவர்கள் தோட்டம். பயிருக்குத் தண்ணீர் விடும் மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் முறைவைத்துத்தான் வரும்.

"எங்கப்பா அவருக்குத் தோணினப்ப மோட்டார் போட்டதில்லீங்ணா. கரண்டு வந்தப்பத்தான் போட்டாரு. அத்தன விவசாயியும் வளைஞ்சு குடுத்தாங்க. இங்க ஒரு ஷோரூமு சாயங்காலம் ஒரு டிகிரி வளையமாட்டேங்குது. இவனுங்கள வளைக்கோணும்ங்ணா. அதுக்குத்தான் நான் படிச்சேன்."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் அவருடைய அண்ணன் மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கூட்டம் மணவறைப் பக்கம் திரண்ட நேரத்தில், இவர் மண்டபத்து எலக்ட்ரீஷியனைக் கையில் போட்டுக்கொண்டு பின்பாதி ஏசியை நிறுத்திவிட்டார். தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கு நகரும் வரை யாருக்கும் தெரியவில்லை. சந்தோஷம் தாங்காமல் இவரே போய்ச் சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, கல்யாண ஊட்லயுமா உன்ற கணக்கு? சாப்பாட்டுலயாச்சும் கைய வெக்காம இரு."

"சோறு வளையாதுங்க மாமா" என்றார் இவர்.

அப்படி ஒரு ஆள். மனிதர்களை இம்சை செய்தார் என்று சொல்ல முடியாது. யாராவது ஒருவர் "வெக்கையா இருக்குது" என்று சொன்னால் அந்த நொடியே குளிர்ச்சியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது அவர் தமக்கு வைத்திருந்த சட்டம். சொன்னால் கொடுப்பது, சொல்லாவிட்டால் எடுப்பது. அந்தச் சட்டத்தில் ஓட்டை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நகரின் நடுவில் இருக்கும் ஒரு ஜவுளிக்கடை. ஐந்து மாடி. நான்கு மாடியில் வியாபாரம். ஐந்தாவது மாடியில், வாங்கின சேலைக்கு ஃபால் அடித்து, ஓரம் அடித்து, ரவிக்கை தைத்துத் தேய்த்துக் கொடுக்கும் தையல் பிரிவு. அங்கே முழுக்கப் பெண்கள். அந்தக் கட்டடத்தை வளைக்க முதலாளி இவரை அமர்த்தினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எவரையும் "வாங்க, உக்காருங்க" என்று எழுந்து நின்று வரவேற்கும் மனிதர். "உங்க மிசினு சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க அம்மணி" என்று அவர் சொல்லிவிட்டதால் இவருக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இதுவரை யாரும் செய்யாததைச் செய்யப்போவதாக என்னிடம் சொன்னார். ஒவ்வொரு மாடியிலும் தூணில் ஒரு சின்னப் பலகை. அதில் மூன்று முகம்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், வேர்த்துக் கொட்டுகிற முகம். வெக்கையாக இருந்தால் மூன்றாவதை அழுத்தவேண்டும். அழுத்தினால் அந்த மாடிக்குக் குளிர்ச்சி கூடும். அதை ஈடுகட்ட, யாரும் அழுத்தாத மாடியில் குறையும். கம்ப்யூட்டர் நாளுக்கு நாள் அதைப் பார்த்து, எந்த மாடி எவ்வளவு வளையும் என்று தானே கற்றுக்கொள்ளும்.

செய்தி எழுதலாம் என்று நானும் ஒருநாள் அவருடன் போனேன். பலகை மாட்டுவதற்கு முன்பு அவர் மாடி மாடியாக ஆட்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் மாடியில் பட்டுச்சேலை எடுக்க வந்திருந்த ஒரு அம்மாள், இவர் வாயைத் திறப்பதற்குள், "ஏனுங்க, ஏசி போட்டிருக்குதா இல்லீங்களா? இத்தன காசு வாங்கறீங்க" என்றார். பாவம், அங்கே எனக்குக் குளிர்ந்தது.

ஐந்தாவது மாடிக்குப் போனோம். மேலே மொட்டை மாடித் தளம் வாங்கிய வெயில், உள்ளே வரிசையாக இஸ்திரிப் பெட்டிகள். ஓரமாக இருந்த மெஷினில் மரகதம் என்று ஒரு பெண், நாற்பதைத் தொடுகிற வயது, சேலைக்கு ஃபால் அடித்துக்கொண்டிருந்தார். இவர் குனிந்து கேட்டார்.

"வெக்கை தெரியுதுங்களா அக்கா?"

"பரவாயில்லீங்க மேடம்."

"ஏசி கொஞ்சம் கொறைஞ்சாத் தாங்குமுங்களா?"

"பரவாயில்லீங்க. எனக்கு ஏசியெல்லாம் எதுக்குங்க? இ.எஸ்.ஐ. அட்டை இருக்குது, அது போதுமுங்க. ஊட்டுக்காரருக்குக் கிட்னி போயிருச்சு. வாரத்துக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்தம் பண்ண அந்த அட்டையிலதானுங்க போறோம்."

பக்கத்து மெஷினில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பரவாயில்லீங்க. பரவாயில்லீங்க மேடம். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல் தெரியும். காலை மிதித்தவனிடமும் அதைத்தான் சொல்வோம். பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லியனுப்பியவர்களிடமும் அதைத்தான் சொல்வோம். இவர் கையில் இருந்த டேப்லெட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சும்மா இருக்கிற முகத்தைத் தொட்டுக்கொண்டே போனார்.

லிஃப்டில் இறங்கும்போது கேட்டேன்: "அந்தம்மா அட்டையைப் பத்தி என்னமோ சொன்னாங்களே?"

"அது வேறங்ணா. நான் கேட்டது வெக்கையத்தான்."

பலகைகள் மாட்டப்பட்டன. ஐந்தாவது மாடியில் அது மாட்டப்பட்ட தூண் மேற்பார்வையாளரின் மேசைக்கு அருகில் இருந்தது. மெஷினைவிட்டு எழுந்து, அவர் முன்னால் நடந்து போய், வேர்க்கிற முகத்தை அழுத்திவிட்டுத் திரும்பி வரவேண்டும். கீழ் மாடிகளில் சேலை எடுக்க வந்தவர்கள் அழுத்தினார்கள். அவர்கள் கூட்டிவந்த குழந்தைகள் விளையாட்டுக்கு அழுத்தினார்கள். மேலே யாரும் அழுத்தவில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. வாரம் போகப்போக, கீழே அழுத்தின ஒவ்வொரு முகத்துக்கும் மேலே இருந்து குளிர்ச்சி எடுக்கப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எங்கள் சாப்பாட்டு மேசையில் திறந்துவைத்துக் காட்டினார். நான்கு கோடுகள் ஏறி இறங்கித் துடித்துக்கொண்டிருந்தன. ஐந்தாவது கோடு படுத்துக்கிடந்தது.

"தங்கமான மாடிங்ணா. ஒரு புகார் இல்ல."

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க ஆளே இல்லீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கடையில் கால் வைக்க இடமில்லாத ஒரு சாயங்காலம், மரகதம் தேய்த்த ரவிக்கைகளை எடுக்க எழுந்தவர் அப்படியே இஸ்திரி மேசைமேல் சரிந்தார். சூடான பெட்டி முன்கையில் பட்டுவிட்டது. மேற்பார்வையாளர் முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு மறுபடி மெஷினுக்கு அனுப்பியிருக்கிறார். கடையின் எலக்ட்ரீஷியன்தான் இவருக்குப் போன் செய்து சொன்னார்.

மறுநாள் காலை அடுக்ககத்தின் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் மடியில் மூடிக்கிடந்தது.

"நான் ஒவ்வொருத்தரையும் கேட்டனேங்ணா. நீங்களும் கூட இருந்தீங்க."

"இருந்தேன்."

"வெக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பனா? என்ற சித்தியும் அப்படித்தான் சொல்லுவா. காய்ச்சல்ல படுத்திருந்தாலும் பரவாயில்லீம்பா. எனக்குத் தெரியாதாங்ணா அந்தப் பேச்சு? தெரிஞ்சே செஞ்சுபோட்டேன்."

எழுந்து நேராகக் கடைக்குப் போனார். அங்கே நடந்ததை அன்று மாலை அவரே சொன்னார். முதலாளியின் குரலைப் பேசிக் காட்டியே சொன்னார்.

முதலாளி எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து ஐந்தாவது மாடியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டாராம். "இனிமே இந்த மாடி வளையாதுங்க. ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. உங்களுக்குச் சாயங்காலக் கரண்டு கூடுதலாத்தான் ஆகும். இதுல நான் எறங்கி வரமாட்டனுங்க" என்றாராம். முதலாளி கோபப்படவே இல்லை. "நீங்க சொன்னாச் சரிங்க அம்மணி. பொம்பளப் புள்ளைங்களை வேகவெச்சு நமக்கென்னங்க ஆகோணும்? வேற வழி பண்ணிக்கலாமுங்க" என்றாராம்.

இவர் வரும் வழியில் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "மனுசன் தங்கம்ங்ணா" என்றார். அவருக்கு எல்லாமே தங்கம்தான்.

பொங்கல் முடிந்ததும் வேற வழி தெரிந்தது. தையல் பிரிவு மூடப்பட்டது. யாரையும் வேலையைவிட்டு நீக்கவில்லை என்று கடையில் சொன்னார்கள். அவரவர் மெஷினை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கிக் கொடுத்தார்கள். வண்டி வாடகைகூடக் கடையே கொடுத்தது. காலையில் டெம்போ வந்து துணியைப் போட்டுவிட்டுப் போகும், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அட்டையும் இல்லை.

ஐந்தாவது மாடியில் துணி மூட்டைகளை அடுக்கினார்கள். மூட்டைக்கு ஏசி வேண்டாம். இஸ்திரிப் பெட்டியும் இல்லை. அந்தக் கட்டடத்தின் மாலை நேர மின்சாரக் கணக்கு இவர் ஆசைப்பட்டதையும் தாண்டி இறங்கிவிட்டது. வணிகர்கள் கூட்டம் ஒன்றில் அதற்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். நான் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். மேடையில் முதலாளி, "எங்க கட்டடத்தை வளைக்கச் சொல்லிக்குடுத்தவங்க இந்த அம்மணிதானுங்க" என்று கும்பிட்டார். கூட்டம் கைதட்டியது. இவர் கேடயத்தை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு எப்படி நிற்கவேண்டுமோ அப்படி நின்றார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: "தையல் மெஷின், இஸ்திரி எல்லாம் இப்பவும் ஓடத்தானே செய்யுது? அது உங்க கணக்குல எங்க வருது?"

"கட்டடத்தைச் சுத்தி ஒரு கோடு போடுவம்ங்ணா. அதுக்கு வெளிய இருக்கறது கணக்குல வராது."

"யார் போட்ட கோடு?"

"நாந்தான்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாளைக்கு வாரீங்களா? மரகதம் ஊட்டுக்குப் போகோணும். தனியாப் போக தைரியம் இல்ல" என்றார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் வரிசை வீடுகள். சிமென்ட் ஷீட் கூரை, ஒரே அறை. கதவுக்குப் பக்கத்தில் மெஷின். மறுபுறம் கட்டிலில் மரகதத்தின் கணவர், கால் வீங்கிப் படுத்திருந்தார். அவர் முகத்துக்கு நேராக ஒரு மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஒரே விசிறி அது. மரகதம் எழுந்து வாங்க என்றார். இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். கட்டிலுக்குப் பக்கம் போய் விசிறியைத் தூக்கி எங்களுக்கு நேராகத் திருப்பிவைத்தார்.

"அவருக்கே இருக்கட்டுமுங்க" என்று இவர் எழுந்து அதைத் திருப்பினார்.

"ஊட்டுக்கு வந்த ஒறம்பரைங்க நீங்க. உக்காருங்க" என்று மரகதம் மறுபடி எங்கள் பக்கம் திருப்பினார். கணவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

முன்கையில் சுட்ட தழும்பு இஸ்திரிப் பெட்டியின் முனைபோலவே கூராக இருந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு, தான் முதலாளியிடம் சண்டை போட்டதைச் சொல்ல ஆரம்பித்தார். மரகதம் பாதியிலேயே மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க மேடம், உங்களை யாருங்க சொல்லச் சொன்னது?"

இவர் தழும்பில் இருந்து கண்ணை எடுத்து மரகதத்தின் முகத்தைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அங்க வெந்தாலும் அட்டை இருந்துச்சுங்க. மாசம் முடிஞ்சா அட்டை செல்லாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அப்பறம் இவரை எங்கீங்க கூட்டிட்டுப் போறது?"

"நான் போய்க் கேக்கறனுங்க அக்கா. உங்களையெல்லாம் திருப்பி எடுத்துக்கச் சொல்றேன்."

"வேண்டாமுங்க. கேட்டுப்போடாதீங்க." மரகதம் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க கேக்கப் போயி இந்தத் துணியும் வராமப் போயிருமுங்க."

கட்டிலில் இருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பனியனின் முதுகு முழுக்க ஈரமாகி உடம்போடு ஒட்டியிருந்தது. விசிறி எங்கள்மேல் வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் எழுந்து போனால்தான் அது கட்டில் பக்கம் திரும்பும். அதை இவர் கண்டுகொண்டார். சட்டென்று எழுந்து, "நாங்க கெளம்பறமுங்க" என்றார்.

"காப்பி வெச்சுட்டனுங்க. குடிக்காமப் போனா எப்படீங்க?" என்றார் மரகதம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

இவர் உட்கார்ந்தார். டம்ளர் கைக்கு வந்ததும் ஊதவில்லை, ஆற்றவில்லை. கொதிக்கக் கொதிக்க அதை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெறும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் பாதி இருந்த என் டம்ளரைப் பார்த்து, "சீக்கிரம் குடிங்ணா" என்றார்.